பூண் கழன்ற பல்

மும்பையிலிருந்து புணே செல்லும் ரயில் வண்டி மலையேறி லோணாவளா நிலையத்தை அடையும்போது, வேர்க்கடலையையும் வெல்லத்தையும் சேர்த்துக் காய்ச்சிச் செய்த 'சிக்கி' என்னும் தின்பண்டத்தை வாங்காத பிரயாணிகள் சிலரே. நாற்பத்தைந்து வயதுள்ள ஓர் அரசாங்க அலுவலர் அதில் ஒரு துண்டை வாயிலிட்டுக் கடிக்கிறார் என்று கொள்க. வெல்லப் பாகு பல்லில் ஒட்டுகிறது. வாயைத் திறக்கும்போது மிட்டாயுடன் வேறொன்றும் பெயர்ந்து வந்துவிட்டதாக நாக்கு அறிவிக்கிறது. கையில் உமிழ்ந்து பார்க்கிறார். ஆறு ஆண்டுகளுக்கு முன் கீழ்த் தாடையின் கடைவாய்ப் பல்லுக்குப் போட்ட 'கேப்' அது. பல் இருந்த இடத்தை நாக்கால் தடவினால் குட்டையான, சொரசொரப்பான ஒரு கட்டைதான் தட்டுப்படுகிறது.

வலி எதுவும் இல்லை. வேர்ச் சிகிச்சை செய்யப்பட்ட பல்லாதலால் வலி தோன்ற இடமில்லை. கழன்றதை ஒரு காகிதக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார். புணேயில் நான்கு நாள் வேலை இருக்கிறது. ஊர் திரும்பிய பிறகு, சௌகரியப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வைத்தியரைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவருடைய எண்ணம். நூற்றில் தொண்ணூறு பேருக்குத் தோன்றக்கூடிய இந்த எண்ணத்தில்தான் பல்லுக்கு ஆபத்து இருக்கிறது. கழன்று விழுந்த உறை தொலைந்தாலும் இன்னொன்று செய்துகொள்ளலாம். அதனடியில் நின்ற கட்டை கெட்டுவிட்டால், எவ்வளவு பொருள் செலவிட்டாலும் அதைத் திரும்பப் பெற இயலாது.

பல்லுறை என்பது யாது?

இயற்கையான பல்லின் மேற்புறம் எனாமல் என்னும் மிகக் கடினமான பொருளால் மூடப்பட்டிருக்கிறது. மனித உடலில் அதைவிடக் கடினமான பொருள் வேறில்லை. அதற்கு உட்புறம், எலும்பை ஒத்த, சற்று மஞ்சள் நிறமுடைய தந்தப்பகுதி உள்ளது. அதற்கும் உள்ளே, நரம்பும் இரத்தக் குழாய்களும் நிறைந்த கூழ். சொத்தையினாலோ முறிவினாலோ பல்லின் பெரும்பகுதி அழிந்துபோனால், எஞ்சியதைச் சுற்றிலும் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் அளவு சீவிக் கட்டையாக்கி, அதன்மீது பல்லின் வடிவிலேயே செய்த ஓர் உறையைப் பொருத்துகின்றனர். இதுவே பல்லுறை. பொதுமக்கள் இதனைக் 'கேப்' என்றே வழங்குகின்றனர்.

பல்லில் பொன்னை அணியும் வழக்கம் பழமையானது. ஏறத்தாழ இரண்டாயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன் இத்தாலியில் வாழ்ந்த எட்ருஸ்கர்கள் பொற்பட்டைகளால் பற்களைப் பிணைத்திருந்தமை அவர்களுடைய கல்லறைகளிலிருந்து தெரியவந்துள்ளது. எனினும் பல்லின் கட்டைக்கு மிகச் சரியாகப் பொருந்தும் உறையை வார்ப்பது 1907ஆம் ஆண்டிற்குப் பின்னரே எளிதாயிற்று. அவ்வாண்டில் சிகாகோ நகரப் பல் வைத்தியர் வில்லியம் டாகர்ட், மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் அச்சு மண் பூசி, மெழுகை எரித்து வெளியேற்றி, அவ்விடத்தில் உருகிய பொன்னைச் செலுத்தும் முறையைப் பல் வைத்தியர்களிடையே பரப்பினார். சுவாமிமலை ஸ்தபதிகள் செப்புத் திருமேனிகளை வார்க்கும் முறையும் தத்துவத்தில் இதுவே, அளவுதான் வேறு. பீங்கானாலான உறையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கிய டெட்ராய்ட் நகரத்துச் சார்லஸ் லாண்ட் என்பவர், 1927இல் அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தனியே விமானத்தில் கடந்த லிண்ட்பெர்க்கின் தாய்வழிப் பாட்டனார். இன்று உலோகத்தின்மேல் பீங்கான் பூசிய உறைகளும், கம்ப்யூட்டரின் உதவியால் ஜிர்கோனியா என்னும் வெண்மையான பொருளில் கடைந்தெடுக்கும் உறைகளும் இந்திய நகரங்களில் சாதாரணமாகிவிட்டன. பொருள் எதுவாயினும், உறை நிற்பதும் கழல்வதும் ஒரே விதிக்கு உட்பட்டவை.

பூணும் மரமும்

உறை சிமெண்டினால் ஒட்டப்பட்டிருக்கிறது என்றே பலரும் கருதுகின்றனர். அது பாதி உண்மை. வீட்டில் பயன்படும் உலக்கையை நினைத்துப் பார்த்தால் மீதிப் பாதி விளங்கும். உலக்கையின் அடியில் உள்ள இரும்புப் பூண் பசையினால் நிற்பதில்லை. மரத்தின் முனையைப் பூணின் அளவுக்கு ஏற்றபடி செதுக்கி இறுக்கியிருப்பதால் நிற்கிறது. மரம் உளுத்துச் சுருங்கினால், பூண் எவ்வளவு உறுதியானதாயினும் கழன்றுவிடும். பூண் கழன்றுவிட்டதே என்று கொல்லரிடம் ஓடுபவர் முதலில் மரத்தைத் தட்டிப் பார்க்கவேண்டும்.

பல்லுறையும் அவ்வாறே. கட்டையின் பக்கச் சுவர்கள் ஏறக்குறைய ஒன்றுக்கொன்று இணையாக நிமிர்ந்து நிற்குமானால் உறை இறுக்கமாக இருக்கும். அவை கூம்புபோல் மேல்நோக்கிக் குவிந்துவிட்டால், சிறிய இழுப்பிலும் உறை மேலே வந்துவிடும். கோபன்ஹேகனில் ஆராய்ந்த ஜோர்கென்சன் என்பவர் 1955இல் இதனை அளந்து காட்டினார். சுவர்கள் குவியும் கோணம் 5 பாகையிலிருந்து 10 பாகையாக அதிகரித்தால், உறையைப் பற்றி நிறுத்தும் வலிமை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடுகிறது. ஐந்து பாகை என்பது கண்ணால் எளிதில் காணமுடியாத வேற்றுமை. இருண்ட வாயினுள், நாக்கும் உமிழ்நீரும் இடையூறு செய்ய, சுழலும் கருவியைக் கையில் பிடித்து இந்த அளவைக் காப்பாற்றுவது எத்தகைய வேலை என்பதை எண்ணிப் பார்த்தால், வைத்தியரின் கைத்திறனுக்கு ஏன் கூலி தரவேண்டியிருக்கிறது என்பது புலனாகும்.

கட்டையின் உயரமும் முக்கியம். கடைவாய்ப் பற்களில் சுமார் 4 மில்லிமீட்டரும், மற்றவற்றில் 3 மில்லிமீட்டரும் இல்லாவிட்டால் உறை நிலைப்பது கடினம். வேர்ச் சிகிச்சை பெற்ற பல்லில் உட்புறம் குடையப்பட்டிருக்குமாதலால், செயற்கைப் பொருளை நிரப்பி அதன்மேல் உறையிடுகின்றனர். அப்போதுங்கூட, ஈறுக்கு மேலே இயற்கையான பல்லின் சுவர் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் உயரமாவது சுற்றிலும் எஞ்சியிருந்து, உறை அதனைப் பூண்போல் தழுவிக்கொள்ளவேண்டும். அந்த இரண்டு மில்லிமீட்டர்தான் பல்லின் உயிர்நிலை. உறை கழன்ற பிறகு நாட்களைக் கடத்துபவர் இழப்பது பெரும்பாலும் இதையே.

இடையில் உள்ள சிமெண்டுப் படலத்தின் கனம் ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்குக்கு, அதாவது 25 மைக்ரானுக்கு மேற்படலாகாது என்பது தர நிர்ணயம். தலைமயிரின் கனத்தில் பாதிக்கும் குறைவு. நெடுங்காலம் உபயோகத்திலிருந்தது துத்தநாகப் பாஸ்பேட் சிமெண்டு. பொடியையும் அமிலத் திரவத்தையும் கண்ணாடிப் பலகையில் வைத்துக் குழைக்கையில் வெப்பம் வெளிப்படுமாதலால், பலகையைக் குளிரவைத்துச் சிறிது சிறிதாகப் பொடியைச் சேர்ப்பர். நாகபுரியிலோ விஜயவாடாவிலோ சித்திரை மாதத்துப் பகல் வேளையில் இந்தக் குளிர்ச்சியைக் காப்பது தனி வித்தை. வெப்பமும் ஈரமும் மிகுந்தால் சிமெண்டு உரிய காலத்திற்கு முன்பே இறுகிவிடும். இன்று பரவலாக வழங்கும் கண்ணாடி அயனோமர் சிமெண்டை உருவாக்கியவர்கள் லண்டன் மாநகரில் அரசாங்க இரசாயனச் சோதனைச்சாலையில் பணிபுரிந்த ஆலன் வில்சன், பிரையன் கென்ட் ஆகிய இருவர். அவர்களது கட்டுரை 1972இல் வெளிவந்தது. இது பல்லின் சுண்ணாம்புச் சத்துடன் இரசாயன முறையில் பிணைந்துகொள்கிறது. பிசின் வகைச் சிமெண்டுகள் அதைவிட உறுதியானவை. ஆயினும் செதுக்கல் பிழையை எந்தச் சிமெண்டும் நெடுநாள் மறைத்துவைக்க இயலாது.

ஆட்டமா, வீழ்ச்சியா?

உறை கழல்வதற்குக் காரணங்கள் பல. ஆண்டுகள் செல்லச் செல்ல விளிம்பிலுள்ள சிமெண்டு உமிழ்நீரில் சிறிதளவு கரைந்துபோகிறது. அந்த இடைவெளியில் கிருமிகள் நுழைந்து கட்டையைச் சொத்தையாக்குகின்றன. உறக்கத்தில் பல்லைக் கடிக்கும் வழக்கம் உடையவர்களிடத்தில் இரவுதோறும் உறை பக்கவாட்டில் அசைக்கப்படுகிறது. கொட்டைப் பாக்கை மெல்லுவோருக்கும் இது பொருந்தும். சில வேளைகளில் உறை சற்று உயரமாக அமைந்து, வாயை மூடும்போதெல்லாம் எதிர்ப்பல் அதனையே முதலில் இடிக்கிறது. ஒட்டும் தின்பண்டம் பெரும்பாலும் கடைசிக் காரணமே. லோணாவளாவின் சிக்கி உறையைக் கழற்றியதாக அந்த அலுவலர் நினைப்பார். பல மாதங்களாகத் தளர்ந்திருந்ததை அது வெளியே கொண்டுவந்தது, அவ்வளவே.

இங்கு ஒன்றை அழுத்தமாகக் கூறவேண்டும். கழன்று விழுந்த உறையைவிட, விழாமல் ஆடிக்கொண்டிருக்கும் உறை அதிகக் கேடு செய்வது. விழுந்தால் எவரும் வைத்தியரை நினைப்பர். ஆடுவதைப் பலர் நாக்கால் அழுத்திச் சரிசெய்துகொண்டு ஆண்டுக்கணக்கில் காலம் தள்ளுகின்றனர். மெல்லும்போது உறை எழுந்து தாழுமாதலால், உமிழ்நீரும் உணவுத் துகளும் ஒவ்வொரு முறையும் உள்ளே உறிஞ்சப்படுகின்றன. தூரிகை அங்கே எட்டாது. இரண்டு பற்களில் ஊன்றி இடையில் ஒரு பொய்ப்பல்லைத் தாங்கும் 'பிரிட்ஜ்' என்னும் பல் பாலத்தில் இந்த அபாயம் இன்னும் அதிகம். ஒரு முனை தளர்ந்தாலும் மறுமுனை பிடித்துக்கொண்டிருக்குமாதலால் பாலம் விழுவதில்லை. தளர்ந்த முனையின் அடியிலுள்ள பல் அழிந்தபிறகே செய்தி வெளிப்படுகிறது. கடிக்கும்போது சிறு குமிழிகள் வெடிப்பதுபோன்ற உணர்வு, ஒரே இடத்தில் அடிக்கடி தோன்றும் துர்நாற்றம் அல்லது உப்புச் சுவை, நூல் விட்டுச் சுத்தம் செய்கையில் நூல் உறையின் விளிம்பில் சிக்கிக் கிழிதல் ஆகியவை இத்தகைய தளர்வைக் குறிப்பால் உணர்த்துபவை.

உறை நீங்கிய கட்டைக்கு என்ன நேர்கிறது? பல்லின் கூழ் உயிருடன் இருந்தால், குளிர்ந்த நீரும் இனிப்பும் பட்டவுடன் கூரிய வலி தோன்றும். தந்தப்பகுதியில் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் பல்லாயிரம் நுண்குழல்கள் உள்ளன; அவற்றிலுள்ள திரவம் அசைவதே நரம்பைத் தூண்டுகிறது. இந்த வலி ஒருவகையில் நன்மையே, நோயாளியை அது சும்மா இருக்கவிடாது. கூழ் அகற்றப்பட்ட பல் வாய் திறவாது. அதன் வேர்க்குழாயை அடைத்துள்ள பொருளின்மேல் உமிழ்நீர் நேராகப் பட்டுக்கொண்டேயிருந்தால் கிருமிகள் மீண்டும் உள்ளே இறங்கலாம். மெல்லிய சுவர்கள் ஒரு சிறு கல் கடிபட்டாலும் பிளக்கலாம். பிளவு வேரினுள் இறங்கிவிட்டால் பெரும்பாலும் பல்லைப் பிடுங்குவதே வழி. இவையன்றி, இருபுறமுள்ள பற்கள் வெற்றிடத்தை நோக்கிச் சாயவும் எதிர்ப்பல் இறங்கிவரவும் தொடங்குகின்றன. சில வாரங்கள் கழித்து அதே உறையைப் பொருத்த முயன்றால் அது தன் இடத்தில் அமர மறுப்பதற்குக் காரணம் இதுவே. நிரந்தர உறை தயாராகும் வரை போடப்படும் தற்காலிக உறை விழுந்தாலும் இந்த இடர் உண்டு; தற்காலிகமானதுதானே என்று விட்டுவிடக் கூடாது.

உடனே செய்யவேண்டியவை

முதலாவது, உறையை வாயிலிருந்து வெளியே எடுத்துவிடவேண்டும். உணவுடன் சேர்த்து விழுங்கிவிடும் நேரம் அதுவே. எடுத்ததைக் குழாயடியில் கழுவுபவர், தொட்டியின் துவாரத்தை அடைத்துவிட்டோ அடியில் ஒரு கிண்ணத்தை வைத்துவிட்டோ கழுவுவது நலம். மிருதுவான தூரிகையால் இலேசாகத் தேய்த்தால் போதும். உட்புறம் ஒட்டியுள்ள சிமெண்டை ஊசியாலோ கத்தியாலோ சுரண்டினால் பீங்கானின் விளிம்பு உடையக்கூடும். பிறகு மூடியுள்ள சிறு டப்பியில் இடவேண்டும். காகிதத்தில் சுற்றி வைப்பதே உறைகள் தொலைவதற்குப் பெருங்காரணம். உணவு மேசையைத் துடைப்பவர் அதைக் குப்பையுடன் சேர்த்து எறிந்துவிடுகிறார்.

அடுத்து, உறையின் உட்புறத்தை வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். அது வெறும் குழிவாக இருந்தால் கட்டை அநேகமாக வாயில் நிற்கிறது. பழுப்பு நிறமான பல் துண்டு உள்ளே நிறைந்திருந்தாலோ, ஆணி போன்ற முளையொன்று நீட்டிக்கொண்டிருந்தாலோ, கட்டையே முறிந்து வந்துவிட்டது என்று பொருள். அத்தகையதை வீட்டில் திரும்ப வைக்க முயலக்கூடாது. செயற்கை வேர் பதித்து, அதன்மேல் திருகாணியால் இணைக்கப்பட்ட பல் ஆடினாலும் அதைத் தொடாமல் விட்டுவிடவேண்டும். அதைச் சரிசெய்யும் கருவிகள் வேறு.

வெறும் உறையாயின், வைத்தியரிடம் செல்லும் வரை அதனைத் தற்காலிகமாகப் பொருத்திக்கொள்ளலாம். உறை ஒரே ஒரு நிலையில்தான் சரியாக அமரும். எனவே முதலில் எதையும் தடவாமல், கண்ணாடியைப் பார்த்து, கட்டையின்மேல் வைத்து மெதுவாகப் பற்களைச் சேர்த்துப் பார்க்கவேண்டும். மற்றப் பற்கள் முன்போலச் சேர்ந்தால் நிலை சரி. உறை மட்டும் முதலில் இடித்தால் எடுத்துவிடவேண்டும். பலமாகக் கடித்து உள்ளே தள்ளினால் கட்டை பிளக்க நேரிடலாம். நிலை சரியென்று கண்டபின், தற்காலிகப் பல் சிமெண்டு மருந்துக் கடையில் கிடைக்குமானால் அதனையும், கிடைக்காவிடில் பொய்ப்பற்களை ஈறில் நிறுத்த உதவும் பசையையும் உறையினுள் மிகச் சிறிதளவு தடவி, கட்டையைத் துடைத்து உலர்த்திப் பொருத்தலாம். இது ஓரிரு நாட்களுக்குத் தோற்றத்தையும் கூச்சத்தையும் சமாளிக்கும் ஏற்பாடே. அந்தப் பக்கத்தில் மெல்லக்கூடாது. உறங்குமுன் அதை எடுத்துவிடவேண்டும். நன்றாகப் பிடித்துக்கொண்டது என்ற நம்பிக்கையில் வைத்தியரை மறந்தால், முன் சொன்ன ஆடும் உறையின் கதைதான்.

கூச்சம் மிகுந்தால் கிராம்புத் தைலத்தில் பஞ்சை நனைத்துப் பிழிந்து, கட்டையின்மேல் மட்டும் ஒற்றலாம். தைலத்தின் பெரும்பகுதி யூஜினால் என்னும் பொருள். அது நரம்பை மரக்கச் செய்கிறது. தைலம் வழிந்தால் ஈறும் கன்னத்தின் உட்புறமும் வெந்துபோகும். குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வைக்கவேண்டிய பொருள் அது. அதைப் பயன்படுத்தியவர் வைத்தியரிடம் அதனைச் சொல்லிவிடுவது அவசியம், ஏனெனில் யூஜினால் எச்சம் இருந்தால் பிசின் வகைச் சிமெண்டு சரிவர இறுகாது.

செய்யக்கூடாதவற்றில் முதன்மையானது, பெட்டிக்கடைகளில் கிடைக்கும் நொடிப் பசையால் உறையை ஒட்டிக்கொள்வது. ஈரத்தில் அப்பசை மிக விரைவாக, வெப்பத்துடன் இறுகும். உறை கோணலாக அமர்ந்தாலும் திருத்த அவகாசம் இராது. விரல், உதடு, ஈறு எதுவாயினும் ஒட்டிக்கொள்ளும். உயிருள்ள கூழுக்கு அது எரிச்சலூட்டும். வைத்தியர் பிறகு அப்பசையைச் சுரண்டி எடுக்கும்போது கட்டையிலும் சிறிது போய்விடுகிறது. சில நிமிஷ வேலையாக இருந்தது, உறையை அறுத்தெறிந்து புதிதாகச் செய்யும் வேலையாக மாறிவிடுகிறது. வலிக்காக ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் அடக்கிக்கொள்வதும் தவறு. அமிலத் தன்மையால் ஈறு வெந்து வெளுத்துவிடும். புகையிலையை அடக்கிக்கொள்ளும் வழக்கத்தின் தீமையைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

நடைபாதையில் பற்செட்டுகளைப் பரப்பி அமர்ந்திருப்போரை வட இந்திய நகரங்கள் பலவற்றில் இன்றும் காணலாம். உடனடியாக இறுகும் பிளாஸ்டிக்கைக் குழைத்து, உறையையும் பக்கத்துப் பற்களையும் ஈறையும் சேர்த்து அப்பிவிடுவது அவர்கள் கையாளும் முறை. சில நாட்களுக்கு ஆடாமல் நிற்கும். அதனடியில் ஈறு அழுகி, நல்லவையாக இருந்த பக்கத்துப் பற்களும் எலும்பிழந்து ஆடத் தொடங்கும். பதிவு பெற்றவரே பல் வைத்தியம் செய்யலாம் என்று 1948ஆம் ஆண்டின் பல் வைத்தியர் சட்டம் விதித்தது. 2023இல் பார்லிமெண்டு தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டத்தையும் நிறைவேற்றியது. ஆயினும் பணமில்லாதவர் நடைபாதையை நாடுவதைச் சட்டம் மட்டும் தடுத்துவிடாது. அரசாங்கப் பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் குறைந்த செலவில் சிகிச்சை பெறலாம் என்பதும், மாவட்ட ஆஸ்பத்திரிகள் பலவற்றில் பல் சிகிச்சைப் பிரிவு உண்டு என்பதும் கிராமங்களில் இன்னும் பரவலாகத் தெரிய வேண்டியவை. டாக்டர் ரஃபியுத்தீன் அகமது கல்கத்தாவில் நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கிய 1920இல் இருந்த நிலைமை இன்று இல்லை, கல்லூரிகள் பெருகிவிட்டன.

விழுங்கிவிட்டால் என்ன செய்வது என்பது அடிக்கடி எழும் கேள்வி. வயிற்றுக்குள் சென்ற சிறிய, மழுங்கிய உறை பெரும்பாலும் சில நாட்களில் தானே வெளியேறிவிடும். கூர்மையான முளையுடன் கூடியதாயின், அல்லது வயிற்று வலி, வாந்தி, மலத்தில் இரத்தம் ஆகியவை தோன்றினால், தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். உறை மூச்சுக்குழாயில் இறங்குவது இதைவிடக் கடுமையானது. திடீரென்று தொடர்ந்த இருமலும் மூச்சு விடுகையில் சீழ்க்கை ஒலியும் அதன் அறிகுறிகள். வலப்புறத்து மூச்சுக்கிளை அகன்றும் நேராகவும் இருப்பதால், பொருள் பெரும்பாலும் அங்கேதான் சென்று தங்குகிறது. இருமல் சிறிது நேரத்தில் அடங்கிவிடலாம். அடங்கியதால் பொருள் வெளியேறிவிட்டது என்று கொள்ளலாகாது. உறையைக் கண்ணால் காணாதவரையில் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கவேண்டும். உலோகமும் ஜிர்கோனியாவும் அதில் தெளிவாகத் தெரியும். சாதாரணப் பிளாஸ்டிக்கினாலான தற்காலிக உறை தெரியாது என்பதை எக்ஸ்ரே எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும்.

கன்னமோ தாடையோ வீங்குதல், காய்ச்சல், வாயைத் திறக்கவோ விழுங்கவோ இயலாமை இவற்றில் ஏதேனும் ஒன்று சேர்ந்தால், அது கழன்ற உறையின் பிரச்சினை அன்று, பரவும் சீழ் நோய். அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். நீரிழிவு உடையவர்கள் இதில் இன்னும் எச்சரிக்கையாக இருத்தல் அவசியம்.

அந்த அலுவலரின் பல்

லோணாவளாவில் உறையை இழந்தவர், புணேயில் தங்கிய இடத்திலிருந்த ஒரு நண்பரின் வற்புறுத்தலால் மறுநாளே பல் வைத்தியரிடம் சென்றார் என்று கொள்க. வைத்தியர் முதலில் உறையைப் பார்ப்பதில்லை, கட்டையைத்தான் பார்க்கிறார். கூரிய கருவியால் விளிம்பைத் தொட்டுச் சோதிக்கிறார். வேரின் அடிவரை எக்ஸ்ரே எடுக்கிறார். பின்புறச் சுவரில் ஒரு பகுதி மிருதுவாகி, கருவியின் முனை உள்ளே இறங்குகிறது. சொத்தை. மற்ற மூன்று பக்கங்களிலும் பல் உறுதியாகவே உள்ளது. மிருதுவானதை அகற்றி நிரப்பிய பிறகும், பூண் தழுவுவதற்கு வேண்டிய இரண்டு மில்லிமீட்டர் எஞ்சுகிறது. பின்புறத்தில் சற்றுக் குறைகிறது. அங்கே ஈறைச் சிறிதளவு தாழ்த்தினால் போதும்.

பழைய உறை இனி அந்தக் கட்டைக்குச் சரியாகப் பொருந்தாது. புதியது செய்யவேண்டும் என்று கேட்டபோது அவர் முகம் வாடுகிறது. சிமெண்டிட்டு ஒட்டிவிட்டால் ஆகாதா என்கிறார். ஆகும், சில மாதங்கள் நிற்கவும் நிற்கும். சொத்தையின்மேல் ஒட்டிய உறை மறுமுறை கழலும்போது கட்டையும் உடன் வரும் என்பதை வைத்தியர் எக்ஸ்ரே படத்தைக் காட்டி விளக்குகிறார். கட்டை நல்ல நிலையில் இருந்திருந்தால் அவரே மறுமாற்றமின்றிப் பழையதை ஒட்டித் தந்திருப்பார். உட்புறத்தைத் தூய்மை செய்து, புதுச் சிமெண்டிட்டு, கடியைச் சோதித்து அனுப்ப ஒரு வருகையே போதுமானது. ஒரே உறை இரண்டு முறை கழன்றால் மூன்றாம் முறை சிமெண்டை நம்பாமல், கட்டையின் வடிவத்தை மாற்றும்படி கேட்பதற்கு நோயாளிக்கு உரிமை உண்டு. சுவரில் சிறு பள்ளங்கள் வெட்டுதல், உயரத்தைக் கூட்டுதல் எனப் பல உபாயங்கள் உள்ளன.

ஒரு வாரம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எவராலும் உறுதியாகச் சொல்ல இயலாது. பின்புறச் சுவர் அப்படியே நின்றிருக்கலாம். சோற்றில் கிடந்த ஒரு கல்லில் முறிந்தும் போயிருக்கலாம்.

புது உறை தயாராகும் வரை தற்காலிக உறையொன்றைப் போட்டு அனுப்புகிறார் வைத்தியர். பழைய உறை அந்தக் கைக்குட்டையிலிருந்து ஒரு சிறு டப்பிக்கு மாறுகிறது. அதில் உயர்ந்த உலோகம் இருக்குமாயின் அது நோயாளியின் உடைமை, கேட்டு வாங்கிக்கொள்ளலாம். நிரந்தர உறை பொருத்திய அன்று முழுவதும் எதிர்ப்பக்கத்திலேயே மெல்லும்படி சொல்கிறார். சில சிமெண்டுகள் முழு வலிமையை அடைய ஏறக்குறைய இருபத்து நான்கு மணி நேரம் ஆகும். பல்லிடுக்கில் நூல் விட்டுச் சுத்தம் செய்யும்போது, தற்காலிக உறை உள்ள நாட்களில், நூலை மேலே சொடுக்கி இழுக்காமல் பக்கவாட்டில் உருவி எடுக்கவேண்டும் என்பதையும் தாமே ஒரு முறை செய்து காட்டுகிறார்.